உங்களுக்குத் தெரியுமா? – கொட்டாவி விட்டால் ‘டொக்’!

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலடியில் ஓர் உருண்டை நழுவிப்போய்த் திரும்புகிறதே, அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் போலச் சுழலும்; மேசை இழுப்பறை போல முன்னாலும் நகரும். இடதும் வலதும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று முரண்டு பிடித்தால் மற்றதும் சேர்ந்து அவதிப்படும்.

★ ‘டொக்’ சத்தம் பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய வட்டு இடம் மாறித் திரும்புவதால் வருவது. வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் வைத்தியமே வேண்டாம். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் திறப்பு சரியாக இருக்கிறது.

★ ‘ஆஸ்டியோபதி’ என்ற கைமுறைச் சிகிச்சையைத் தொடங்கிய அமெரிக்கர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1864-இல் மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து, கையால் தொட்டுக் குணப்படுத்தும் வழியைத் தேடினார். 1892-இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி தொடங்கினார். நம் ஊரில் தாடைக்கு இவ்வகைச் சிகிச்சையைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்தான் செய்கிறார்.

★ தாடை வலி என்று போனால் என்ன செய்வார்கள்? கையுறை போட்ட ஒரு விரல் கன்னத்துக்கு உள்ளே, கட்டைவிரல் வெளியே. நடுவில் அகப்படும் மெல்லும் தசையில் கல் போல இறுகிய இடத்தைத் தேடிப் பிடித்து, அது இளகும்வரை நிதானமாக அழுத்துவார்கள். அழுத்தும்போது வலி பொட்டுக்கோ கடைவாய்ப்பல்லுக்கோ ஓடும். பல்லில் கோளாறே இல்லாமல் ‘பல்வலி’ என்று அலைந்தவருக்கு, வலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரியும். அடுத்து, மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, “இதை எதிர்த்து மெதுவா வாயைத் திறங்க” என்பார்கள். ஐந்தாறு விநாடிதான். விட்டதும் வாய் முன்பைவிடச் சற்றுத் தாராளமாகத் திறக்கும். கழுத்தையும் தோளையும் சேர்த்தே பார்ப்பார்கள். சடக்கென்று தாடையைத் திருப்ப யாராவது வந்தால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

★ நாட்பட்ட தாடை வலிக்கு, ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், தசை முடிச்சுகளைக் கையால் இளக்குவதையும், மூட்டை அசைத்துவிடுவதையும், தாடைப் பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. மூட்டு வட்டை வெட்டி எடுப்பதை அதே உறுதியோடு வேண்டாம் என்கிறது. வலியில் துடிப்பவர் அறுவைக்குச் சம்மதிக்கும் முன் இது அவர் காதில் விழ வேண்டும். ஆனால் மண்டையோட்டு எலும்புகளை நகர்த்திக் குணமாக்குவதாகச் சொல்லும் ஆஸ்டியோபதிக் கிளைமுறைக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

★ கழன்ற தாடையைக் கையாலேயே மாட்டும் முறை, சுமார் 3,600 ஆண்டு பழைய எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியில் இருக்கிறது. கட்டைவிரல்கள் வாய்க்குள், மற்ற விரல்கள் மோவாய்க்கு அடியில். இன்றைய மருத்துவர் பிடிக்கும் பிடியும் கிட்டத்தட்ட இதுதான்.

★ மாடி ஏறும்போது தாடை வலித்து வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடக்கூடும்.

★ ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி நிற்கும் அந்த இடம்தான் அது ஓய்வெடுக்க வேண்டிய இடம். உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் இருக்கட்டும். இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன?