பீரங்கிப் படையில் ஒரு பாட்டனார்

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் பதினொரு மணிக்குக் கனடாவின் பாடசாலைகளில் மௌன அஞ்சலி செலுத்தப்படுகின்றது. அதனை முன்னிட்டு, “உங்கள் குடும்பத்தில் எவரேனும் போர்வீரராக இருந்தனரா?” என்று ஆசிரியர்கள் வகுப்பிலே வினவுவதுண்டு. டோர்செட் பார்க் தொடர்மாடிகளிலிருந்து செல்லும் எமது பிள்ளைகளிற் பலர் அவ்வேளை மௌனமாக இருந்துவிடுகின்றனர். அது வெள்ளையரின் போர், எமக்கு அதிற் பங்கில்லை என்பது அவர்களின் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், காலி மாவட்டத்துக் கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானமொன்று கடற்காவலுக்குப் புறப்பட்டது. அதனைச் செலுத்தியவர் ஒன்ராறியோ மாகாணத்தின் சென்ற் கதரின்ஸ் நகரிற் பிறந்த லெனாட் பேர்ச்சல். இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில் ஜப்பானிய கடற்படை வருவதை அவர் கண்டார். செய்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். பேர்ச்சல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக வாடினார். ‘இலங்கையைக் காத்தவர்’ என்று போற்றப்பட்ட அவர் 2004ஆம் ஆண்டு கிங்ஸ்ரன் நகரிற் காலமானார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு தாக்கப்பட்டது. அன்றைய தினமே கோண்வோல், டோர்செட்ஷயர் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. 424 பேர் உயிரிழந்தனர். ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேருடன் அமிழ்ந்தது.

அன்று திருகோணமலையில் நின்ற பீரங்கி வீரர்களில் ஒருவர் என் தாயாரின் தந்தையார். இலங்கையிற் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. எம் நாட்டவர் அனைவரும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களே. வீட்டில் ஆறு வாய்களுக்கு ஒரு வருமானம் என்ற நிலையில், இருபத்தொரு வயது அம்மப்பா கரையோரப் பீரங்கிப் படையில் தம்மைப் பதிந்துகொண்டார். கடலை நோக்கி நிறுத்தப்பட்ட பெரும் பீரங்கிகளால் வானிலிருந்து வந்த எதிரியை ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆகவே காயப்பட்டோரைச் சுமப்பதே அன்று தமக்குப் பணியாயிற்று என்று அவர் கூறுவார். துறைமுகத் தொழிலாளர், ஆங்கிலேய மாலுமிகள், சிங்களத் தோழர்கள் என்று அவர் தூக்கிய உடல்களுக்கு இனபேதம் இருக்கவில்லை.

போருக்குப் பின்னர் அவர் ஊருக்குத் திரும்பித் தோட்டஞ் செய்தார். 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டது. 1955இல் அதன் தளபதியாகப் பதவியேற்ற முதலாவது இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். இச்செய்தியை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுப்பர். ஆனால், 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 ஏப்ரலில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் அமைதியாக அமர்ந்திருந்த சத்தியாக்கிரகிகளை அகற்ற இராணுவம் அனுப்பப்பட்டது. படையிலே தமிழர் தொகை தேய்ந்தது. ஒரு காலத்தில் மாதச் சம்பளத்தையும் மரியாதையையும் குறித்த சொல், எமது தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடவைக்கும் சொல்லாயிற்று.

அம்மப்பாவின் மௌனம் அக்காலத்தில் தொடங்கியது. தாம் சீருடை அணிந்தவர் என்பதை அவர் அயலவருக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியுடன் சேவை விடுவிப்புப் பத்திரத்தையும் பையில் வைத்து நடந்தார். பதக்கம் றங்குப்பெட்டியோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. சோதனைச் சாவடிகளில் அப்பத்திரத்தை அவர் ஒருபோதும் எடுத்துக் காட்டியதில்லை. ஏன் என்று கேட்டபோது, “அது வேறை பட்டாளம், பிள்ளை” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

ரொறன்ரோவுக்கு வந்து டோர்செட் பார்க்கிற் குடியேறிய பின்னரே அவர் வாய் திறந்தார். அதற்கும் ஒரு பெயர்ப்பலகையே காரணமாயிற்று. குடியிருப்பின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவர், மூழ்கிய கப்பலின் பெயரைச் சொன்னார். அதன் பின்னர் மாலைதோறும் என் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். 2003இல் அவர் கண்மூடுவதற்கு முன், அவர் சொன்னவற்றுள் இருபது பக்கங்கள் கொப்பியில் எழுதப்பட்டிருந்தன. வேறு சொத்தெதனையும் அவர் எமக்கு விட்டுச்செல்லவில்லை. விட்டுச்சென்றதாக நாம் குறைப்படவும் இல்லை.

இத்தகைய பாட்டனார்கள் எமது சமூகத்தில் ஒருவரல்லர், இருவரல்லர். அவர்களின் கதையில் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குக் கூறுதல் தகாது. சீருடையணிந்து பிறரைக் காக்க நின்றவர், பிறிதொரு சீருடைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறினார். இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாழ்வு. முன்னதை மறைத்தால் அவருடைய துணிவை மறைக்கின்றோம். பின்னதை மறைத்தால், நாம் ஏன் இந்நாட்டுக்கு வந்தோம் என்பதனையே பிள்ளைகள் அறியாது போவர்.

அப்போரிற் பங்குகொண்டோருள் மிகச் சிலரே இன்று உயிருடன் உள்ளனர். ஆனால் அவர்களின் மனைவியரும் மக்களும் எம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள். எந்தப் படை, எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிழற்படம் இருப்பின் அதன் பின்புறத்திற் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பத்திரங்களைப் பிரதி எடுத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்றைக் கொடுங்கள். ஏதிலிகளாய் வந்த நாம் வீட்டையும் வளவையும் கொண்டுவர இயலவில்லை. மூத்தோரின் வாழ்வையேனும் கைவிடாதிருப்போம். அடுத்த நவம்பரில் வகுப்பறையிலே அவ்வினா எழும்போது, எமது பிள்ளை எழுந்து நின்று தன் பாட்டனாரின் பெயரைச் சொல்லட்டும்.