இழப்பில்லா இசைக்கு எந்தக் கருவி?

நீங்கள் சடையங்குப்பத்தில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருபுறம் மணலித் தொழிற்சாலைகள், மறுபுறம் எண்ணூர். துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் இரவிலும் கேட்கிறது. ‘இழப்பில்லா ஒலி’யில் பாட்டுக் கேட்கும் ஆவலுடன், சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் புறப்படுகிறீர்கள். எதை வாங்குவது?

முதலில் இழப்பில்லா ஒலி என்பது யாது எனக் காண்போம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண். இடம், வலம் என இரு தடங்கள். ஆக, வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 53 மெகாபைட் ஆகும். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி ஏற்றி, புது வீட்டில் மறுபடி பூட்டுகிறோம் அல்லவா? ஒரு திருகும் குறைவதில்லை. 2001-இல் வெளிவந்த ஃபிளாக் முறை அத்தகையது. கோப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும், ஒரு பிட்டும் தொலையாது. எம்.பி.3 முறையோ, செவிக்கு எட்டாது என்று கணித்தவற்றைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறது.

கடையில் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்ட பெட்டியைக் காட்டுவார்கள். மயங்க வேண்டாம். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் வீதம், 16 பிட்டே 96 டெசிபல் வீச்சைத் தந்துவிடும். மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது. குறுந்தகடு 22,050 வரை பதிகிறது. உங்கள் சிக்கல் அறையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபலும், தொழிற்பகுதிக்கு 75 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. அறைக்குள் 50 டெசிபல் இரைச்சல் இருந்தாலே, வீணை நாதம் தேய்ந்து அடங்கும் அந்த நுட்பமான பகுதி அதில் மூழ்கிவிடும். எத்தனை பிட் இருந்தென்ன?

இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவது ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் 4 மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே, பணத்தின் பெரும்பகுதியைக் காதை முழுதும் மூடும், பின்புறம் அடைத்த, கம்பியுள்ள ஹெட்போனுக்குச் செலவிடுங்கள். வெளி இரைச்சல் குறைவதால் தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். அதன் மின்மறுப்பு 32 ஓம் அளவில் இருந்தால் செல்போனே இயக்கிவிடும். 300 ஓம் எனில் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படலாம். கம்பியில்லா புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை ஒலியை மறுபடி சுருக்கி, சிலவற்றைக் கழித்தே அனுப்புகின்றன. இழப்பில்லாக் கோப்பை அவற்றில் கேட்பது, கட்டிலை முழுதாகக் கொண்டுவந்து வாசலில் ஒரு காலை அறுப்பது போலத்தான்!

வாங்குமுன் ஒரு சோதனை. ஒரே பாட்டை ஃபிளாக்கிலும் 320 கிலோபிட் எம்.பி.3-யிலும், எது எதுவெனச் சொல்லாமல், நண்பரைப் பத்து முறை ஒலிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் இருக்கட்டும். சற்று உரத்து ஒலிப்பதே நமக்கு நல்லதாகத் தோன்றும். ஐந்தாறு முறை மட்டும் சரியாகச் சொன்னால் அது ஊகமே. ஒன்பது முறை சரியென்றால், அடுத்த விலைக் கருவியைப் பார்க்கலாம்.