தவிடு போன வழி

நெல் குத்தும் உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் இருக்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளுடையது இறங்கும். வெளியே சிதறும் மணிகளைக் காலால் உரல்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே குத்த வேண்டும். பிறகு முறத்தில் புடைத்தால் உமி பறக்கும், நொய் ஒதுங்கும். எவ்வளவு குத்தினாலும் அரிசியின் மேல் தவிட்டின் பழுப்பு கொஞ்சம் தங்கிவிடும். இன்றைய ஆலையில் ரப்பர் உருளைகள் உமியை நீக்குகின்றன, பாலிஷ் எந்திரம் தவிட்டைச் சுரண்டுகிறது, சார்ட்டெக்ஸ் எந்திரம் கறுத்த மணியைப் பார்த்துத் தள்ளுகிறது. வெள்ளை வெளேரென்ற அரிசி மூட்டையில் விழுகிறது. தவிடு வேறு வழியில் போய், எண்ணெயாகி, அதே மளிகைக் கடைக்குத் தனிப் பொட்டலமாக வந்து சேர்கிறது.

உலக்கை போனதற்காக நான் வருந்த மாட்டேன். விடியுமுன் எழுந்து அன்றைய சோற்றுக்கு அன்றே குத்திய பெண்களின் தோளும் இடுப்பும் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஆலைச் சங்கு அவர்களுக்கு விடுதலையாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் எந்திரம் அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது பெரிபெரி. கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து ஆள் விழும் நோய். 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் அவை தேறியதையும் கண்டார். தவிட்டில் இருந்தது பின்னாளில் வைட்டமின் பி1 எனப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றைய சென்னை மாகாணத்திலேயே இதற்கு நல்ல சான்று இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட, மாகாணத்தின் வடபகுதியான வடசர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளை அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயப்போட்டவர்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. அவர்கள் பழக்கம் அவர்களைக் காத்தது.

அதற்காக அன்றைய சாப்பாட்டைப் பொற்காலத்துச் சாப்பாடு என்று சொல்லிவிட முடியாது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். பெருமளவு சோறும் சிறிதளவே மற்றவையும் கொண்ட சென்னை மாகாணத்தார் உணவில் வளர்ந்தவை 155 கிராம். ஏழு உணவுகளில் நம்முடையது கடைசி. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டவர்களுக்கு நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்தன, உண்மைதான். ஆனால் அந்தக் கூழும் ஆண்டு முழுவதும் கிடைத்ததில்லை. விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70ஐ ஒட்டி இருக்கிறது. பெரியம்மை இல்லை, போலியோ இல்லை, ஊர் ஊராகப் பஞ்சம் பிழைக்கப் போகும் கூட்டம் இல்லை. 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலையும் இல்லை. இந்த ஆதாயத்தைச் சின்னதாகப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் கணக்கின் மறுபக்கம் கனக்கிறது. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் சர்க்கரை நோய் நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5. சென்னை நகரில் 1980களின் இறுதியில் அது 8ஐத் தாண்டியது. 2004 வாக்கில் 14.3. அளவுகோல்கள் இடையில் மாறின, சோதனையும் பெருகியது. அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. கல்யாணப் பந்தியில் சர்க்கரை போடாத காப்பி தனி வரிசையில் வருவதை இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பசித்திருந்த உடம்புக்குச் சோறு கிடைத்ததும் ஏன் இப்படி ஆனது? புனே அருகே உள்ள கிராமங்களில் மருத்துவர் யாக்னிக்கின் குழு 1990களில் பிறந்த குழந்தைகளை அளந்தது. சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகளும் சிறியவை. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறைகளாக அரை வயிற்றோடு பிள்ளை பெற்ற தாய்மாரின் வயிற்றிலேயே உடல், குறைவான தசையோடும் சேமிக்கும் கொழுப்போடும் உருவாகிவிடுகிறது. சர்க்கரையை எரிக்கும் பெரிய உலை தசைதான். உலை சிறியது, வரும் விறகோ பெருகிவிட்டது. வெள்ளையர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25 வரை சரி என்று வைத்திருக்க, இந்தியருக்கு 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இன்றைய சர்க்கரை நோயில் பாட்டியின் பசியும் கலந்திருக்கிறது. தின்று கொழுத்ததால் வந்த நோய் என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சு எனக்குப் பொறுக்காது.

இந்த உடம்பின் மேல்தான் பாலிஷ் அரிசி வந்து விழுகிறது. ஆந்திரா பொன்னி என்று நாம் வாங்கும் பி.பி.டி. 5204 ரகத்தைச் சென்னை ஆய்வாளர்கள் தீட்டும் அளவை மூன்று விதமாக வைத்துச் சமைத்துச் சோதித்தார்கள். தீட்டாத அரிசியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 58 அளவில் நின்றது. இலேசாகத் தீட்டியதுமே 73. முழுதும் தீட்டினால் 80ஐ நெருங்கியது. நெல் ஒன்றுதான், வயலும் மாறவில்லை. உரலுக்கும் பாலிஷ் எந்திரத்துக்கும் நடுவில் நோய் நுழைய இவ்வளவு இடம் இருக்கிறது. அன்று அந்தச் சோற்றை உண்டவன் நாற்று முடி சுமந்தான், ஏற்றம் இறைத்தான், சந்தைக்கு நடந்தான். இன்று உண்பவரைப் பேருந்தும் இருசக்கர வண்டியும் வாசலில் இறக்கிவிடுகின்றன. நகரில் நடக்க நினைப்பவருக்கும் நடைபாதை இல்லை.

முன்பு சர்க்கரை நோய் பணக்காரர் நோய். இன்று வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடமே அது அதிகம் காணப்படுகிறது. மலிவாகக் கிடைப்பது வெள்ளைச் சோறு. தினையும் வரகும் விலையேறி, பளபளக்கும் பைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிகிச்சை வரும் விதமும் மாறிவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. 1948இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது நோயாளி மருத்துவரைத் தேடி வந்தார்.

நம்பிக்கை தரும் வேலை ஒன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தச் சர்க்கரை அளவு 140ஐத் தொட்டால் உணவை மாற்றச் சொல்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் இன்சுலின். தாயின் சர்க்கரை கட்டுக்குள் வந்தால், வயிற்றுப் பிள்ளைக்குப் பின்னாளில் அந்த நோய் வரும் வாய்ப்பும் குறையும் என்ற எதிர்பார்ப்பில் செய்யும் சோதனை இது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கிய முதல் மாநிலம் தமிழ்நாடு.