டிராக்டரை ரோட்டில் திருப்பும்போது தப்பு யார் மீது?

தை, மாசி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரிக் காடுகளில் பருத்தி, மக்காச்சோளம், மல்லி எல்லாம் வீடு வந்து சேரும் காலம். வண்டிப்பாதையில் இருந்து தார் ரோட்டுக்கும், ரோட்டில் இருந்து காட்டுக்குமாக டிராக்டரை ஒரு நாளில் நான்கைந்து முறை ஏற்றி இறக்குவீர்கள். உழவில், அறுவடையில் இல்லாத ஆபத்து இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. மோதல் நடந்துவிட்டால், 'பெரிய வண்டி மேலதான் கேஸ்' என்று ஒரு தரப்பும், 'பின்னால வந்து இடிச்சவன்தான் பொறுப்பு' என்று இன்னொரு தரப்பும் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே சட்டம் இல்லை.

சட்டம் கேட்பது ஒன்றுதான். அந்த இடத்தில் யார் யாருக்கு வழிவிட்டிருக்க வேண்டும்? வண்டிப்பாதையில் இருந்து மெயின் ரோட்டில் ஏறுபவர், ரோட்டில் போய்க்கொண்டிருக்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் வழிவிட வேண்டும். ரோட்டில் இருந்து வலப்பக்கம் காட்டுக்குத் திரும்புபவர், எதிரே நேராக வரும் வண்டியை முதலில் போகவிட வேண்டும். மெயின் ரோடு என்று இல்லாத இரண்டு ஊர்ச் சாலைகள் சந்திக்கும் இடத்தில், உங்கள் வலக்கைப் பக்கம் இருந்து வருபவருக்கு முதல் உரிமை. லோடு ஏற்றியிருக்கிறோம், மெதுவாகத்தானே வருகிறோம் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது.

பதினோரு விநாடிக் கணக்கு

டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் சுமார் 8 மீட்டர் நீளம். ரோட்டின் அகலம் 7 மீட்டர். நின்ற இடத்தில் இருந்து, லோடோடு மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஏறினால், டிரெய்லரின் வால் ரோட்டைக் கடந்து முடிய ஏறத்தாழ 11 விநாடி ஆகும். அந்த 11 விநாடியில் 60 கி.மீ. வேகத்தில் வரும் டூவீலர் 180 மீட்டர் வந்துவிடும். 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் 270 மீட்டர் வந்துவிடும். ஆக, இருபுறமும் கால் கிலோமீட்டருக்கு மேல் ரோடு காலியாகத் தெரிந்தால்தான் ஏற வேண்டும்.

நம் பக்கம் அவ்வளவு தூரம் எங்கே தெரிகிறது? ரோட்டோரம் முழுக்க சீமைக்கருவேலம். பாதை ரோட்டில் சேரும் முனையில் உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் கருவேலத்தை இருபுறமும் நீங்களே வெட்டி ஒதுக்கலாம். ரோட்டுப் புறம்போக்கில் நிற்பதை அகற்ற ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு கொடுங்கள். மரம் போகும் வரை, ஒரு ஆளை இறக்கிவிட்டு ரோட்டைப் பார்க்கச் சொல்லி ஏறுவதுதான் வழி. அறுவடை அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை.

வலப்பக்கம் திரும்பும்போது

அதிகம் தகராறு வருவது இதில்தான். டிராக்டர் வலப்பக்கம் திரும்புகிறது. அதே நேரம் பின்னால் வந்த டூவீலர் வலப்பக்கமாக முந்துகிறது. இங்கே இருவருக்கும் கடமை உண்டு. டிராக்டர் ஓட்டுபவர் முன்கூட்டியே சிக்னல் போட்டு, ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்கி, கண்ணாடியில் பின்னால் பார்த்த பிறகே திருப்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பப் போவதாகச் சிக்னல் காட்டும் வண்டியை, பின்னால் வருபவர் வலப்பக்கமாக முந்தக் கூடாது. மக்காச்சோளத் தட்டையும் பருத்திப் பொதியும் டிரெய்லரின் இன்டிகேட்டரை மறைத்திருந்தால், நீங்கள் சிக்னல் போட்டும் போடாததுதான். வலக்கையை வெளியே நீட்டிக் காட்டும் பழைய கை சிக்னல் இன்றும் செல்லும். இருட்டிய பிறகு அது உதவாது. பின்விளக்கும் சிவப்பு ரிப்ளெக்டரும் வெளியே தெரிய வேண்டும். விளக்கில்லாத டிரெய்லரின் பின்னால் ஒருவர் மோதினால், 'பின்னால வந்து இடிச்சான்' என்ற வாதம் எடுபடுவது கடினம்.

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் இன்னொரு பழக்கம் உண்டு. அடுத்த திருப்பம் தூரமாக இருக்கிறது என்று எதிர்த்திசையிலேயே டிராக்டரை விடுவது. டீசல் மிச்சம் என்று நினைப்பீர்கள். மோதினால் பழியின் பெரும்பங்கு எதிர்த்திசையில் வந்தவர் மீதே விழும்.

பழி சதவீதமாகப் பிரியும்

இழப்பீட்டு வழக்கை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கும். இருவர் மீதும் கவனக்குறைவு இருந்தால் பொறுப்பைச் சதவீதமாகப் பிரிக்கும். உதாரணமாக, அடிபட்டவருக்கு 10 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அவர் பக்கத் தப்பு 30 சதவீதம் என்று முடிவானால், அவருக்குக் கிடைப்பது 7 லட்சம். எப்.ஐ.ஆரில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் முடிவு அல்ல. போலீஸ் வரையும் இட வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கம் அடி என்பதெல்லாம் பேசும். அதனால், காயம்பட்டவரை 108ல் அனுப்பிய கையோடு, வண்டிகளை நகர்த்தும் முன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள்.

பயந்து ஓடிவிடாதீர்கள். காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் தருவதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். இழப்பீடு கேட்டு மனு போட, 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் என்று சட்டத்தில் வரம்பு வந்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து பேசிப் பேசியே அந்த ஆறு மாதத்தைக் கழித்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு.

பணம் யார் கட்டுவது?

டிரெய்லர் மாட்டினால் டிராக்டர் லைசென்ஸ் செல்லாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாகஷெட்டி எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2001லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. டிராக்டர் ஓட்ட முறையான லைசென்ஸ் இருப்பவர், டிரெய்லர் மாட்டியதால் மட்டும் லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார்.

ஆனால் மிளகாய்ப் பழம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் டிரெய்லரில் பெண்களை ஏற்றிப் போகிறீர்களே, அங்கேதான் சிக்கல். சரக்கு ஏற்றத்தான் டிரெய்லர். அதில் உட்கார்ந்து வருபவர்களுக்கு விவசாய டிராக்டரின் சாதாரண பாலிசி பொதுவாகப் பாதுகாப்புத் தராது. விபத்தில் அவர்களுக்கு அடிபட்டால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையை உரிமையாளரே கட்ட வேண்டி வரலாம். சில வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகிறது. எப்படிப் பார்த்தாலும் காடு விற்கும் நிலைதான். விவசாயத்துக்குப் பதிவான டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், மண் அடித்தாலும் இதே சிக்கல் வரும்.

இந்த வாரமே பாலிசியை எடுத்துப் பாருங்கள். டிராக்டரின் எண்ணோடு டிரெய்லரின் எண்ணும் அதில் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அறுவடைக்கு முன் நடக்கும் உழவர் கூட்டங்களில் வேளாண் அலுவலர்கள் விதை, மருந்து பற்றிப் பேசும்போது, டிரெய்லரின் பின்விளக்கு எரிகிறதா என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.