அயல்நாட்டு மாணவர் இடும் மதிப்பெண்

1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்கள் கிளை பரப்பலாயின. 1998-இல் மோனாஷ், பண்டார் சன்வேயில் தோன்றியது. இத்தகைய இடங்களில் வணிகவியல் பயிலும் பிறநாட்டு மாணவரிடம் கல்வித் தரத்தைக் கேட்டறிய ஆய்வாளர் பலர் கையாளுவது ‘சர்வ்குவால்’ என்னும் அளவுகோல். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பரசுராமன், வேறு இரு பேராசிரியருடன் 1988-இல் வெளியிட்டது அது. 22 கூற்றுகள், எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள இடைவெளியே கணக்கு.

வங்கிச் சேவையையும் பழுதுபார்க்கும் பணியையும் அளக்கப் பிறந்த கோல்! வங்கிக்குச் செல்பவன் வரிசையில் நின்றால் போதும். மாணவனோ தானும் உழைத்தாலன்றிக் கல்வி கைகூடாது. கணக்கியலில் கண்டிப்புக் காட்டும் ஆசிரியருக்கு இன்று குறையும் மதிப்பெண், அம்மாணவன் ஊர் திரும்பித் தொழிலில் அமர்ந்தபின் உயரவுங்கூடும். ஆதலின் அதே மாணவரைப் பட்டம் பெற்று ஈராண்டு சென்றபின் மீண்டும் கேட்டல் வேண்டும்.