கிளியை மட்டுமல்ல, அதன் சாப்பாட்டையும் படம் எடுங்கள்

ஜம்பு மரம் பூத்திருந்த ஒரு காலையில், தாப்பாவில் என் மாணவி ஒருத்தி கைப்பேசியில் எடுத்த படத்தை வகுப்புக்குக் கொண்டு வந்தாள். "கிளி எங்கே டீச்சர்? இலைதான் தெரிகிறது" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். படத்தைப் பெரிதாக்கினோம். கிளை நுனியில் ஒரு சின்னப் பறவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பூவுக்குள் அலகை விட்டிருந்தது.

அதுதான் தொங்கும் கிளி. மலாய் மொழியில் செரிண்டிட். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்கு உச்சந்தலையில் நீலப் பொட்டு, தொண்டையில் சிவப்பு. பெண்ணுக்குத் தொண்டைச் சிவப்பு இல்லை. வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கியே தூங்கும்.

செம்பனைத் தோட்டங்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பது நீளவால் கிளி. வாலோடு சேர்த்து ஏறக்குறைய 40 செ.மீ. நீளம். பழுத்த செம்பனைப் பழம் அதற்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டின் உணவும் வேறு என்றாலும் கருவி ஒன்றுதான். கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னும் இருப்பதால் கிளையை இறுகப் பிடிக்க முடியும். மேல் அலகும் அசையும். தடித்த நாக்கு உணவைப் புரட்டிக் கொடுக்கும்.

தேன் குடிக்கும் தொங்கும் கிளியின் முகத்தில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகலாம். ஆனால் கிளி கடித்து உடைத்த விதை முளைக்காது. ஆகவே, பழம் தின்னும் பறவையெல்லாம் விதை பரப்பும் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்!

எப்படிப் படம் எடுப்பது?

காலையில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வானம் வெளிச்சமாக இருந்தால் பறவை கறுப்பாகத் தெரியும். திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மூன்று படங்கள் வேண்டும்: பறவை, அது தின்னும் பூ அல்லது பழம், மரத்தடியில் சிந்திக் கிடக்கும் மிச்சம். தேதி, நேரம், மரத்தின் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். கூடு இருக்கும் பொந்தை நெருங்காதீர்கள். அது இருக்கும் இடத்தை யாருக்கும் பகிராதீர்கள். கூண்டுக்காகக் குஞ்சு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? நீளவால் கிளி இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள பறவைகளில் ஒன்று. செம்பனைத் தோட்டம் அதற்குச் சாப்பாடு போடுகிறது, வீடு கொடுப்பதில்லை. முட்டையிட உயரமான பழைய மரத்தின் பொந்து வேண்டும். பட்ட மரம் என்று நாம் வெட்டித் தள்ளுவது அதன் வீடாக இருக்கலாம்.

அந்த மாணவியின் படம் சுவரில் மாட்டும் அளவுக்கு அழகாக இல்லை. ஆனால் எந்தப் பறவை, எந்த மரத்தில், எதைத் தின்றது என்று அது சொன்னது. ஒரு மரத்தை வெட்டலாமா என்று பெரியவர்கள் பேசும்போது காட்ட, அப்படிப்பட்ட படம்தான் உதவும்.