கழி ஏன் வளைய வேண்டும்?

உங்கள் தூண்டிலில் 200 கிராம் ஜிலேபிக் கெண்டை ஒன்று மாட்டியிருக்கிறது. கையில் இருப்பது 10 அடிக் கழி. அதன் அடிமுனையை இடுப்பில் ஊன்றி, அங்கிருந்து ஓர் அடி தள்ளிக் கையால் பிடித்திருக்கிறீர்கள். கழியைத் தரைக்குப் படுக்கையாக நீட்டியபடியே மீனைத் தூக்கினால், கைக்கு எவ்வளவு பாரம் தெரியும்? 200 கிராமா? இல்லை, 2 கிலோ! கழியின் சொந்த எடை தனிக்கணக்கு.

எல்லாம் நெம்புகோல் செய்கிற வேலை. இடுப்புதான் ஆதாரப்புள்ளி. அங்கிருந்து கை ஓர் அடி தூரத்தில் இருக்கிறது, மீனோ 10 அடி தூரத்தில். ஆகவே மீனின் எடை கையில் 10 மடங்காகிறது. பாடப்புத்தகத்தில் எப்போதும் மனிதனுக்கு உதவுகிற நெம்புகோல், ஏரிக்கரையில் மட்டும் மீனோடு கூட்டணி வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் 3 அடிக் குச்சி போதுமே என்று தோன்றும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஏரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கரை சரிவாக இறங்கும். தண்ணீர் ஓரத்தில் கோரைப்புல்லும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கும். தூண்டில் முள் அவற்றைத் தாண்டி விழுந்தால்தான் மீன் தொடும். குட்டைக் குச்சி செடியோடுதான் மல்லுக்கட்டும்.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீருக்கு மேலே இருக்கும் உலகம் முழுவதும், மீனின் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது விலகுவதால் வரும் விளைவு இது. மீனின் கண்ணிலிருந்து பார்த்தால் அந்த வட்டத்தின் அகலம் சுமார் 97 டிகிரி. கரையை ஒட்டி நெட்டையாக நின்றால் வட்டத்துக்குள் நன்றாகவே தெரிவீர்கள். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அதன் விளிம்பில் நசுங்கிப்போன ஏதோ ஒன்றாகத்தான் தெரிவீர்கள். நீளக் கழி இருந்தால் பின்னால் உட்கார்ந்தே போடலாம். அதிர்வையும் மீன் உணரும். அதன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பு அதற்காகவே இருக்கிறது. ஏரிக்கரையில் தொம் தொம்மென்று ஓடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

இனிக் கழியின் வளைவுக்கு வருவோம். 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுங்கள். 10 சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசை விளிம்பில் அழுத்திப் பிடியுங்கள். நுனியில் ஒரு ரப்பரை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறியுங்கள். இப்போது 20 சென்டிமீட்டர் நீட்டிப் பாருங்கள். நீளம் இரண்டு மடங்குதான், இறக்கமோ ஏறக்குறைய 8 மடங்கு! பருமனின் கதை இதைவிட விசித்திரம். உருண்டைக் கழியின் குறுக்களவு பாதியானால், அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அடி பருத்து நுனி மெலிந்திருக்கும் கழியில் நுனி கெண்டைப்பொடிக்கும் தலையாட்டும், அடி விராலுக்கும் அசையாது. பல அளவு மீனுக்கும் ஒரே கழி உதவுவது இந்தக் கூர்மெலிவால்தான். கடையில் கழியை எடுத்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அதன் நிறத்தையும் பளபளப்பையும் அல்ல.

வளைவதில் இரண்டு லாபம். கழி வில்லாக வளைந்தால் நுனி உங்கள் பக்கம் நெருங்கி வருகிறது. 10 அடியாக இருந்த தூரம் 7 அடியாகக் குறைந்தால், 2 கிலோ பாரமும் 1 கிலோ 400 கிராமாகிவிடும். இரண்டாவது லாபம் தூண்டில் நரம்புக்கு. கிணற்றில் நிறைந்த வாளியை மெல்ல இழுத்தால் தாங்கும் கயிறு, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும் அல்லவா? மாட்டிய மீன் திமிறுவதும் அப்படி ஒரு வெடுக்குதான். விறைத்த கழியில் அந்தத் திமிறல் முழுவதும் ஒரு நொடியில் நரம்பின் மேல் விழும். வளையும் கழி அதை நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. நேரம் கூடினால் விசை குறையும். நைலான் நரம்பும் கொஞ்சம் இழுபடுவதால் அதுவும் கைகொடுக்கும்.

எதில் செய்த கழி நல்லது? நம் ஊரில் முதல் இடம் மூங்கிலுக்குத்தான். மூங்கில் மரமல்ல, புல் இனம். அதன் தண்டை வெட்டிப் பார்த்தால் வெளித்தோலை ஒட்டி நார்கள் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக விலகியும் இருக்கும். வளையும்போது அதிக இழுப்பு வெளிப்புறத்தில்தான் விழும். பலமும் அங்கேதான் குவிந்திருக்கிறது. எந்த எஞ்சினியரும் இதைவிட நன்றாகத் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் பச்சை மூங்கில் உதவாது. கனக்கும், வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். முற்றிய மெல்லிய கழியாகப் பார்த்து நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைகளில் ரீல் மாட்டிய கழிகள் இரண்டு வகையில் வருகின்றன: கண்ணாடியிழை, கார்பன் இழை. கண்ணாடியிழைக் கழிகள் 1940-களிலும், கார்பன் கழிகள் 1970-களிலும் சந்தைக்கு வந்தன. கார்பன் இழை கண்ணாடியிழையைவிட மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. சின்னத் தொடுகைகூடக் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பது. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் வயலுக்கும் ஏரிக்கும் மேலே எத்தனை ஓடுகின்றன என்று அண்ணாந்து பாருங்கள். சாதாரணத் தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு வரும் கம்பியிலேயே 11,000 வோல்ட் இருக்கும். கழி தொடக்கூட வேண்டாம், மிக அருகே போனாலே மின்சாரம் பாயலாம். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கம்பிக்குக் கீழே எந்தக் கழியையும் தூக்கக் கூடாது. இடி இடித்தால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

பிறந்தநாளுக்கு ஒரே ஒரு கழிதான் வாங்கித் தருவார்கள் என்றால் என்ன கேட்பது? என் தீர்ப்பு: 7 அடி நீளம், நுனி மெலிந்த கண்ணாடியிழைக் கழி, சின்ன ரீல். கீழே விழுந்தாலும் பிழைக்கும், விலையும் அதிகமில்லை. செடிகளைத் தாண்டி எறியும் வேலையை ரீல் பார்த்துக்கொள்வதால் 10 அடி நீளமும் தேவையில்லை. காசு இல்லையா, 10 அடி மூங்கில் போதும். ஜிலேபிக்கு வித்தியாசம் தெரியாது.

ஜிலேபிக்கு வாய் சிறியது. அதனால் முள்ளும் சிறியதாக இருக்கட்டும். மாவு உருண்டையோ மண்புழுவோ போதும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நம் குட்டைகளில் நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளுகிறது. கோடையில் ஏரி வற்றும்போது சேற்றில் தட்டுத் தட்டாகப் பள்ளங்கள் தெரிந்தால், அவை ஆண் ஜிலேபிகள் தோண்டிய கூடுகளாக இருக்கலாம். பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்தே காக்கும். கெளுத்தி மாட்டினால் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் துடுப்பு முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், பெரியவர்கள் கழற்றட்டும்.

பூண்டி, சோழவரம், புழல், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை எல்லாம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். அனுமதியில்லாமல் அங்கே தூண்டில் போடக் கூடாது. ஊர் ஏரியிலும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். அதனால் பெரியவர் ஒருவர் இல்லாமல் போகவே வேண்டாம். ஆலைக் கழிவு கலக்கும் ஓடையில் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் மீனின் உடலில் சேர்ந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. கிளம்பும்போது அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். நைலான் மக்காது, கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.